மாட வீதியில் மலர்ந்த மார்கழி இசை
தமிழ்த் தியாகய்யர் பாபநாசம் சிவன் வரலாறு

திருக்கோயிலில் கொடியேறி, மங்கல வாத்தியம் முழங்கி, உற்சவ மூர்த்தி அலங்காரத் திருக்கோலத்தில் எழுந்தருளும் வேளையில் அடியார்களின் உள்ளம் தானாகவே பாட்டை நாடுகின்றது. கண் தரிசனத்தில் நிறைய, நாவுக்கும் ஒரு தொண்டு வேண்டுமல்லவா? அந்தத் தொண்டினைத் தேவார மூவரும், மணிவாசகப் பெருமானும், ஆழ்வார்களும், அருணகிரிநாதரும் தத்தம் காலத்தில் வழங்கிச் சென்றனர். அவ்வழியில் இருபதாம் நூற்றாண்டில் வந்து, கோயில் வாசலையே தம் இசை அரங்கமாகக் கொண்டு, தாமே இயற்றித் தாமே இசையமைத்துத் தாமே பாடி வாழ்ந்த பெருமகனார் பாபநாசம் சிவன்.

அவருடைய பாடல்களைக் கேளாத இறையன்பர் அரியர். ஆலய மேடைகளில் இசை பயிலும் சிறுவர் சிறுமியர் பாடுகின்ற கீர்த்தனைகளிலும், நாட்டிய மணிகளின் அரங்கேற்றங்களிலும் அவை இடம்பெறுவது வழக்கம். ஆயினும் அப்பாடல்களை இயற்றியவர் யார், எந்த வாழ்விலிருந்து அவை பிறந்தன என்பதை இளைய தலைமுறையினருள் பலர் அறியார். சிலர் அவற்றைப் பல நூற்றாண்டுப் பழமை உடையவை என எண்ணுகின்றனர். வேறு சிலர் பழைய திரைப்படப் பாட்டு என்ற அளவில் கேட்டு மகிழ்கின்றனர். இராகம் செவியில் தங்கி, சொல்லும் பொருளும் நழுவிப் போகுமாயின் கீர்த்தனை வெறும் ஓசையாகிவிடும். ஆதலின் அப்பெரியாரின் வாழ்வை அறிந்து, அதன்பின் அவர் பாடல்களைக் கேட்பது பெரும்பயன் தருவதாகும்.

போலகம் தந்த இராமய்யா

அன்றைய தஞ்சை மாவட்டத்தில் உள்ள போலகம் என்னும் சிற்றூரில், 1890ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள், இராமாமிருத ஐயருக்கும் யோகாம்பாள் அம்மையாருக்கும் மகனாகச் சிவன் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் இராமய்யா. காவிரி பாயும் அந்நாடு பாடல் பெற்ற தலங்கள் செறிந்த பூமி. நாதசுர இசையும் ஓதுவாரின் பண்ணும் அங்கே காற்றோடு கலந்தவை.

குழந்தைப் பருவம் நெடுநாள் இனிதாக அமையவில்லை. 1897இல், இராமய்யாவுக்கு ஏழு வயது நிரம்பும் காலத்தில், தந்தையார் காலமானார். கைம்மை உற்ற தாயார் உறவினரின் ஆதரவை நாடி, 1899இல் தம் மைந்தர்களுடன் திருவிதாங்கூரின் தலைநகராகிய திருவனந்தபுரம் சென்று சேர்ந்தார்.

புதிய ஊரில் சிறுவர் மலையாளம் கற்றார். பின்னர் மகாராஜா சமஸ்கிருதக் கல்லூரியில் சேர்ந்து வடமொழி இலக்கணத்தில் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் தமிழ்ப் பாடல்களால் உலகப் புகழ் எய்திய இவர், கல்லூரியில் பயின்றது வடமொழி இலக்கணமே என்பது வியப்புக்குரிய செய்தியாகும். தமிழை அவர் வீட்டுப் பேச்சிலும், கோயிலிலும், பஜனை மடத்திலும் பெற்றார். அதனாலேயே அவர் பாடலில் புலவர் நடையின் கடுமை குறைந்து, வழிபாட்டில் பழகிய சொற்களின் கனிவு மிகுந்தது எனலாம்.

இசைப் பயிற்சியும் அங்கேயே தொடங்கிற்று. நூரணி மகாதேவ பாகவதர், சாம்ப பாகவதர் ஆகியோரிடம் அடிப்படைப் பாடம் கேட்டார். திருவனந்தபுரத்துக் கரமனையில் வாழ்ந்து பக்திப் பாடல்கள் பல இயற்றிய நீலகண்ட சிவனின் கீர்த்தனைகள் அந்நகரின் பஜனைகளில் ஒலித்துக்கொண்டிருந்தன. அவை இளம் இராமய்யாவின் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. அடியார் கூட்டத்தின் நடுவே நின்று, இறைவனை நேரே விளித்துப் பாடும் முறை அவருக்கு அவ்வழியே வாய்த்தது.

வீடு துறந்த ஆண்டுகள்

1910ஆம் ஆண்டில் அன்னையார் மறைந்தார். தந்தையை இழந்த பின் தாயே உலகமென வாழ்ந்த இருபது வயது இளைஞருக்கு இப்பேரிழப்பு வாழ்வின் திசையையே மாற்றிவிட்டது. கற்ற கல்விக்கு ஏற்ற உத்தியோகம் தேடிக் குடியும் குடித்தனமுமாக அமர்ந்திருக்கலாம். அவர் அதனை நாடவில்லை. உடுத்த உடையோடு தலந்தோறும் சென்று, சந்நிதியில் நின்று பாடி, கிடைத்ததை உண்டு, கிடைத்த இடத்தில் உறங்கும் வாழ்வை மேற்கொண்டார்.

இந்த யாத்திரையின் இடையே அவர் அடிக்கடி தங்கிய ஊர் பாபநாசம். அவருடைய தமையனார் இராஜகோபாலன் அங்கே வாழ்ந்துவந்தார். (பிற்காலத்தில் தமிழகத்தின் முதல்வராக விளங்கிய வி. என். ஜானகி அம்மையார் இத்தமையனாரின் புதல்வியாவார்.) மேனியெங்கும் திருநீறு பூசி, கண்களில் நீர் பெருக, தம்மை மறந்து பாடி நின்ற இளைஞரைக் கணபதி அக்கிரகாரத்து மக்கள் கண்டனர். அவர்கள் கண்களுக்கு அவர் சிவபெருமானாகவே தோன்றினார். அன்று முதல் இராமய்யா என்ற பெயர் மறைந்து, பாபநாசம் சிவன் என்ற பெயர் நிலைத்தது. அடியார் பெருமக்கள் அன்பினால் சூட்டிய இத்திருப்பெயரே உலகம் அறிந்த பெயராயிற்று.

ஆயினும் அவர் தம் பாடல்களில் இப்பெயரை முத்திரையாக வைக்கவில்லை. ராமதாசன் என்பதே அவர் இட்ட முத்திரை. ஊரார் சிவனென்று போற்றியபோதும், பாட்டின் முடிவில் தம்மை இராமனின் அடிமை என்றே பதிந்து வைத்தார். சைவ வைணவ பேதம் அவருடைய உள்ளத்தில் இடம்பெறவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. கபாலியைப் பாடிய கீர்த்தனையிலும் ராமதாசனே கைகூப்பி நிற்கின்றார்.

ஆரூரில் அரும்பிய முதற் பாடல்

சிவனின் முதல் கீர்த்தனை திருவாரூரில் பிறந்தது. ஆழித்தேர் ஓடும் அத்திருத்தலம் சங்கீத மும்மூர்த்திகளான தியாகராஜ சுவாமிகள், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரிகள் ஆகிய மூவரும் அவதரித்த பதி. அங்கே வீதிவிடங்கராகிய தியாகேசப் பெருமானைக் கண்டு உள்ளம் உருகிய சிவன், 'உன்னைத் துதிக்க அருள் தா' என்னும் கீர்த்தனையைக் குந்தலவராளி இராகத்தில் பாடினார். பொன்னும் பொருளும் வேண்டாது, துதிப்பதற்குரிய தகுதியை மட்டுமே அவர் முதன்முதலில் இறைவனிடம் வேண்டினார். அந்த வேண்டுதல் நிறைவேறியது என்பதற்கு, அதன்பின் அவர் வாக்கில் பெருகிய 2,000க்கும் மேற்பட்ட பாடல்களே சாட்சியாகும்.

இக்காலத்தில் இசையுலகின் பெரும் வித்துவானாகிய கோனேரிராஜபுரம் வைத்தியநாத ஐயரின் தொடர்பும் அவருக்குக் கிட்டியது. அவ்விசைப் பெருந்தகையின் கானத்தைக் கேட்டுக் கேட்டே இராகங்களின் நுட்பங்களைச் சிவன் தம் வசமாக்கிக்கொண்டார். திருவாரூர், நாகப்பட்டினம், திருவையாறு முதலிய தலங்களின் திருவிழாக்களில் பஜனை செய்து, சுவாமி புறப்பாட்டின் பின்னே பாடிக்கொண்டு செல்வது அவருக்கு வழக்கமாயிற்று. இசையரங்கில் அமர்ந்து பாடும் வித்துவானின் சாகித்தியத்திற்கும், தெருவில் நடந்துகொண்டே பாடும் அடியாரின் சாகித்தியத்திற்கும் வேறுபாடு உண்டு. பின்னது கூட்டத்தினர் உடனே வாங்கித் திரும்பப் பாடத்தக்கதாய் இருத்தல் வேண்டும். சிவனின் பல்லவிகள் ஒருமுறை கேட்ட அளவிலேயே மனத்தில் ஒட்டிக்கொள்வதற்கு இப்பயிற்சியே காரணமாகும்.

1917இல் அவருக்குத் திருமணம் நிகழ்ந்தது. இலட்சுமி அம்மையார் வாழ்க்கைத் துணைவியாக அமைந்தார். துறவியைப் போலத் திரிந்த பாடகர் இல்லறத்தாராயினும், பாடும் பணியில் குறைவு நேரவில்லை.

மயிலையின் மாட வீதிகள்

1920களின் தொடக்கத்தில் சிவன் சென்னைக்கு வந்து மயிலாப்பூரில் குடியேறினார். உமையம்மை மயிலுருக் கொண்டு இறைவனை வழிபட்ட தலம் அது. எலும்பும் சாம்பலுமாயிருந்த பூம்பாவையைத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடி உயிர்ப்பித்த தலமும் அதுவே. அப்பதிகத்தில் ஆளுடைய பிள்ளையார் மயிலையின் திருவிழாக்களை வரிசையாக எடுத்துரைத்து, அவற்றைக் காணாமற் போவாயோ எனப் பூம்பாவையை அழைக்கின்றார். திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் முதலியவை அவ்வரிசையில் உள்ளன. திருவிழாவின் பெருமையைப் பாடியே ஓர் உயிரை மீட்ட தலத்தில், திருவிழாவையே பாட்டாக்கும் ஒருவர் வந்து அமர்ந்தது இறைவனின் திருவுள்ளம் எனலாம்.

மார்கழி மாதம் பிறந்ததும், இருள் பிரியாத வைகறையில் சிவன் நீராடித் திருநீறணிந்து கபாலீசுவரர் கோயிலைச் சூழ்ந்த நான்கு மாட வீதிகளிலும் பஜனை செய்து வலம் வருவார். அடியார்கள் பின்தொடர்வார்கள். பனி பெய்யும் வீதியில் வாசல்தோறும் கோலமிட்டுக் காத்திருப்போர் அந்தக் குரல் வரும் திசையை நோக்கி நிற்பார்கள். இவ்வழிபாடு ஓராண்டு ஈராண்டு நிகழ்ந்து நின்றதன்று. பல பத்தாண்டுகள் இடையறாது நடந்தது. இசை அரங்குகளில் நுழைவுச் சீட்டு வாங்க இயலாத ஏழையும், வேதம் ஓதிய பண்டிதரும், பால் கொண்டு வரும் தொழிலாளியும் அங்கே ஒரே இசையைச் சமமாகக் கேட்டனர். சங்கீத வித்துவான்களும் அந்தப் பஜனையில் வந்து கலந்துகொண்டதுண்டு. சிவன் மறைந்த பின்னரும் அவர் வழியினரும் அன்பர்களும் அம்மரபைப் போற்றி வந்துள்ளனர்.

கபாலியும் கற்பகமும்

மயிலையில் பங்குனிப் பெருவிழா பத்து நாள் நடைபெறும். அதிகார நந்தி, தேர், அறுபத்து மூவர் திருவீதி உலா ஆகியவை காணக் கண்கொள்ளாக் காட்சிகள். அவ்வாறு அலங்காரத்தோடு பவனி வரும் கபாலியைக் கண்டு சிவன் பாடிய கீர்த்தனை 'காணக் கண் கோடி வேண்டும்' என்பது. காம்போதி இராகத்தில் அமைந்த இப்பாடலில் நவரத்தின ஆபரணங்களும், மணங்கமழும் மலர் மாலைகளும், விண்மீன்கள் சூழ்ந்த திங்களை ஒத்த திருமுகமும் ஒவ்வொன்றாகக் கண்முன் நிற்கின்றன. ஓர் உற்சவ மூர்த்தியின் அலங்காரத்தைக் கோயில் வாசலில் நின்று பார்த்த அனுபவம் உடையவர் எவரும், இப்பாடலைக் கேட்கும்போது மீண்டும் அவ்வாசலில் நிற்பர்.

'காபாலி' எனத் தொடங்கும் மோகன இராகக் கீர்த்தனையும் அவ்வாறே புகழ்பெற்றது. ஐந்தே சுரங்களால் ஆன மோகனம் கேட்ட மாத்திரத்தில் உவகை தரும் இராகம். ஆலால நஞ்சை உண்ட நீலகண்டனின் திருக்கோலத்தை அவ்வினிய இராகத்தில் பாடும்போது அச்சம் நீங்கி அன்பே மேலோங்குகின்றது. மதுரை மணி ஐயர் இவ்விரு பாடல்களையும் அரங்கம்தோறும் பாடிப் பரப்பினார்.

மயிலை அம்பிகையாகிய கற்பகாம்பாளைச் சிவன் பெற்ற தாயாகவே கொண்டாடினார். மத்தியமாவதியில் அமைந்த 'கற்பகமே கண் பாராய்', கல்யாணியில் அமைந்த 'உன்னையல்லால்' ஆகியவை அம்மையின் கடைக்கண் நோக்கை வேண்டி நிற்பவை. 'நான் ஒரு விளையாட்டு பொம்மையா' என்னும் நவரசகன்னடா இராகப் பாடல் வேறு வகையானது. எத்தனை பிறவி எடுத்து இளைத்தாயிற்று, இன்னுமா திருவிளையாட்டு என்று அன்னையைப் பிள்ளை கேட்பதாக அமைந்தது அது. ஏழு வயதில் தந்தையையும் இருபது வயதில் தாயையும் இழந்தவரின் வாழ்வை அறிந்து கேட்போருக்கு அக்கேள்வியின் ஆழம் புலனாகும். வேண்டுதலும் ஊடலும் உரிமையும் கலந்த அந்தத் தொனியே சிவனின் தனிச் சிறப்பு.

வெள்ளித்திரையில் பக்தி மணம்

பாடல்கள் பெருகினாலும் அவற்றால் பொருள் பெருகவில்லை. கீர்த்தனை இயற்றுவோருக்கு அக்காலத்தில் வருவாய் என்பது அரிது. 1934இல் அவர் இயற்றிய கீர்த்தனைகள் 'கீர்த்தன மாலை' என்னும் பெயரில் நூலாக வெளிவந்தன. அதே காலத்தில் பேசும் படம் தமிழ்நாட்டில் வேரூன்றத் தொடங்கிற்று. 1934இல் வெளிவந்த 'சீதா கல்யாணம்' படத்தின் வாயிலாகச் சிவன் அத்துறையில் அடியெடுத்து வைத்தார். பிற்காலத்தில் ஓவியராகவும் இசைவாணராகவும் புகழ்பெற்ற எஸ். ராஜம் அப்படத்தில் இராமனாக நடித்தார்.

அதே ஆண்டு வந்த 'பவளக்கொடி' படத்தில் எம். கே. தியாகராஜ பாகவதர் அறிமுகமானார். சிவனின் சாகித்தியமும் பாகவதரின் வெண்கலக் குரலும் அங்கே சந்தித்தன. தொடர்ந்து 'திருநீலகண்டர்' (1939), 'அசோக்குமார்' (1941), 'சிவகவி' (1943), 'ஹரிதாஸ்' (1944) எனப் பல படங்களில் அக்கூட்டு தழைத்தது. சென்னை பிராட்வே திரையரங்கில் 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடிற்று என்பது வரலாறு. அப்படத்தில் சாருகேசி இராகத்தில் வந்த 'மன்மத லீலையை' என்ற பாட்டு பட்டி தொட்டியெங்கும் ஒலித்தது. அதே படத்தின் 'கிருஷ்ணா முகுந்தா முராரே' இன்றும் பஜனைகளில் பாடப்படுகின்றது. 'சிவகவி' படத்துக்கென எழுதப்பட்ட 'அம்பா மனம் கனிந்து' என்னும் பந்துவராளிப் பாடலும் திரையரங்கைக் கடந்து கோயில் மேடைக்கு வந்து சேர்ந்தது.

சிவன் திரையில் தோன்றியும் நடித்தார். 1936இல் வெளிவந்த 'பக்த குசேலா' படத்தில் அவர் குசேலராக நடித்தார். ஓராடையும் பிடி அவலுமாகக் கண்ணனைக் காணச் சென்ற அந்த ஏழை அடியாரின் வேடம் அவருக்குப் புனைந்த வேடமாகத் தோன்றவில்லை. கல்கியின் கதையைக் கொண்டு கே. சுப்பிரமணியம் இயக்கிய 'தியாகபூமி' (1939) படத்தில் சம்பு சாஸ்திரியாக நடித்தார். தாழ்த்தப்பட்ட மக்களின் தொண்டில் வாழ்வைச் செலவிடும் அந்தணர் பாத்திரம் அது. விடுதலை உணர்வைத் தூண்டியது எனக் கருதி ஆங்கில அரசு 1940இல் அப்படத்தைத் தடைசெய்தது.

திரைப்படத்தில் பாடல் எழுதுவது பக்திக்குப் பொருந்துமா என்ற ஐயம் சிலருக்கு எழலாம். காதற் பாட்டும் கதைக்கேற்ற பாட்டும் அவர் எழுதவே செய்தார். ஆயினும் அவர் சினிமாவுக்காகத் தம் இசையின் தரத்தைத் தாழ்த்தவில்லை. தூய கர்நாடக இராகங்களை எளிய மெட்டுகளாக்கி, சபை மண்டபங்களை எட்டிப் பாராத மக்களுக்கும் கொண்டு சேர்த்தார். இராகத்தின் பெயரே அறியாத உழவரும் தொழிலாளரும் சாருகேசியையும் பந்துவராளியையும் முணுமுணுத்தது அவரால் நிகழ்ந்த நன்மையாகும். பகலில் படப்பிடிப்புக் கூடத்தில் பணியாற்றினாலும் மார்கழி வைகறையில் அவர் மாட வீதிக்கே உரியவர்.

தமிழிசைக்கு ஒரு கருவூலம்

இசை அரங்குகளில் தெலுங்கு, வடமொழிக் கீர்த்தனைகளே மிகுதியாக ஒலித்த காலத்தில், தமிழில் பாட வேண்டும் என்னும் இயக்கம் தோன்றியது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் பெருமுயற்சியால் 1941இல் சிதம்பரத்தில் தமிழிசை மாநாடு கூடிற்று. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பட்டது. தமிழில் பாடத்தக்க உயரிய சாகித்தியங்கள் போதிய அளவு உண்டா என்ற வினா அப்போது எழுந்தது. முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை, கோபாலகிருஷ்ண பாரதியார் ஆகியோரின் பாடல்களோடு சிவனின் கீர்த்தனைகளும் அவ்வினாவுக்கு விடையாக விளங்கின.

வாதத்தில் இறங்காமல் பாட்டினாலேயே அவர் பதில் கூறினார் எனலாம். அரியக்குடி இராமானுஜ ஐயங்கார், முசிரி சுப்பிரமணிய ஐயர், செம்மங்குடி சீனிவாச ஐயர், மதுரை மணி ஐயர், டி. கே. பட்டம்மாள், எம். எஸ். சுப்புலட்சுமி முதலிய பெருங்கலைஞர்கள் அவர் பாடல்களை மேடையேற்றினர். திருவையாற்றுத் தியாகராஜ சுவாமிகள் இராமனிடம் பேசியவாறு இவர் தமிழில் இறைவனிடம் பேசினார் என்பதால், இசையன்பர்கள் இவரைத் தமிழ்த் தியாகய்யர் என்று போற்றினர்.

ருக்மணி தேவி அருண்டேலின் கலாக்ஷேத்திரத்திலும் சிவன் சில ஆண்டுகள் இசை கற்பித்தார். நாட்டியத்திற்கும் அவர் அளித்த கொடை பெரிது. நாட்டக்குறிஞ்சி இராகத்தில் அமைந்த 'சுவாமி நான் உந்தன் அடிமை' என்ற பதவர்ணமும், கமாஸ் இராகத்தில் தில்லைக் கூத்தனைப் பாடும் 'இடது பதம் தூக்கி' என்ற பாடலும் நாட்டிய மேடையின் நிலைத்த செல்வங்கள். இராமாயணத்தை 24 இராகங்களில் 'ஸ்ரீ ராம சரித கீதம்' ஆகப் பாடியுள்ளார். இளமையில் கற்ற வடமொழியை மறவாமல், 'ஸம்ஸ்கிருத பாஷா சப்த சமுத்ரம்' என்னும் பெரும் சொற்களஞ்சியத்தையும் தொகுத்தளித்தார்.

புதிதாகக் கேட்போருக்கு

கீர்த்தனை என்பது பல்லவி, அனுபல்லவி, சரணம் என மூன்று அங்கங்கள் உடையது. பல்லவி பாட்டின் கருவை ஓரிரு அடிகளில் சொல்லும். அனுபல்லவி அதனை விரித்து மேல் ஸ்தாயிக்குக் கொண்டு செல்லும். சரணம் இறைவனின் பெருமையையும் அடியாரின் குறையையும் முழுமையாக எடுத்துரைக்கும். சிவனின் சரணங்களில் ராமதாசன் என்ற சொல் வரும் இடத்தைக் கவனித்துக் கேட்பது நல்ல பழக்கம். பாட்டு முழுவதும் இறைவனைப் புகழ்ந்தவர், அவ்விடத்தில் தம்மை அவன் திருவடியில் ஒப்படைக்கின்றார்.

முதன்முதலில் கேட்கத் தொடங்குவோர் விநாயகப் பெருமானிடமிருந்தே தொடங்கலாம். அம்சத்வனியில் அமைந்த 'மூலாதார மூர்த்தி' அதற்கு ஏற்றது. அடுத்து முருகப் பெருமான். வராளி இராகத்தில் உள்ள 'கா வா வா' பழனியாண்டவனைக் கூவி அழைப்பது. கா என்ற ஓரெழுத்துக்குக் காப்பாற்று என்பது பொருள். காவடி சுமந்து படியேறும் அடியாரின் நாவில் வரத்தக்க அழைப்பு அதில் உள்ளது. தோடியில் உள்ள 'தணிகை வளர் சரவணபவா' திருத்தணிகை முருகனைப் பாடுவது. நவராத்திரி நாட்களில் மதுரை மீனாட்சியைப் பாடும் கீரவாணிக் கீர்த்தனையாகிய 'தேவி நீயே துணை' கேட்கத்தக்கது.

கண்ணனைப் பாடும் 'என்ன தவம் செய்தனை' காபி இராகத்தில் அமைந்தது. அனைத்துலகும் ஈன்ற பரம்பொருளைப் பிள்ளையாகப் பெற்று, உரலில் கட்டி, அம்மா என்று அழைக்கும் பேறு பெற்றாளே யசோதை என்று வியக்கும் பாடல் அது. குழந்தையை மடியில் வைத்திருக்கும் எந்தத் தாய்க்கும் இப்பாட்டை விளக்க வேண்டியதில்லை. இவற்றைக் கேட்டுப் பழகிய பின், மயிலைக் கீர்த்தனைகளாகிய காம்போதியையும் மோகனத்தையும் நாடினால், மாட வீதியின் மார்கழிக் காலை மனத்தில் விடியும்.

பாட்டைக் கற்பிக்கும் பெற்றோரும் ஆசிரியர்களும் ஒன்றை நினைவில் கொள்வது நலம். சுரமும் தாளமும் சரியாக அமைவதோடு, பாடலின் பொருளையும் பிள்ளைக்குச் சொல்லித் தர வேண்டும். எந்தத் தலத்து இறைவனைப் பாடுகின்றோம், என்ன வேண்டுகின்றோம் என்பதை அறிந்து பாடும் குழந்தையின் குரலில் தனியொரு ஒளி தோன்றும். மேடையில் பரிசு பெறுவதற்காகக் கற்ற பாட்டு ஓராண்டில் மறந்துபோகலாம். பொருள் அறிந்து கற்ற பாட்டோ, துன்பம் வந்த வேளையில் துணையாக எழுந்து வரும்.

நிறைவு

முதுமைக் காலத்தில் பெருமைகள் அவரைத் தேடி வந்தன. காஞ்சி காமகோடி பீடம் சிவபுண்ணிய கானமணி என்னும் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. 1971இல் சென்னை மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி விருதளித்தது. 1972இல் இந்திய அரசு பத்மபூஷண் விருதளித்துப் போற்றியது. இவற்றால் அவருடைய எளிய வாழ்வில் மாற்றம் ஏதும் நேரவில்லை. திருநீறும் உருத்திராக்கமும் அணிந்து, பாடிய வாயோடு வாழ்ந்த அப்பெரியார் 1973ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் சென்னையில் இறைவனடி சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 83. மயிலையில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. இசையறிந்த அவருடைய புதல்வியர் நீலா ராமமூர்த்தியும் ருக்மணி ரமணியும் அப்பாடல்களைப் பாடியும் கற்பித்தும் காத்தனர்.

உறவையும் வீட்டையும் இழந்து வந்த ஓர் இளைஞனுக்குக் கோயில் வாசல் அடைக்கலம் அளித்தது. அவர் அக்கடனைப் பாட்டாகத் திருப்பிச் செலுத்தினார். மண்டபம் கட்டியோரும் தேர் செய்தளித்தோரும் ஆலயத்துக்குப் புரவலர் எனப் போற்றப்படுகின்றனர். பொன் ஏதும் இல்லாமல், குரலையும் சொல்லையும் மட்டுமே காணிக்கையாக வைத்த சிவனும் அவ்வரிசையில் நிற்பவரே. அவர் எழுப்பிய மண்டபம் பாடுவோர் உள்ளவரை நிலைக்கும். வரும் திருவிழா நாளில் உற்சவ மூர்த்தி வீதி வலம் வரும்போது, அப்பாடல்களுள் ஒன்றையேனும் பொருள் உணர்ந்து பாடியோ கேட்டோ வணங்குவது, அவ்வடியாருக்குச் செலுத்தும் நன்றியும் ஆண்டவனுக்குச் செய்யும் வழிபாடும் ஆகும்.